சதுரங்கத்தில் முந்திச் செல்லும் படை எது?

தேர், யானை, குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையும் ஒரு பலகையின்மேல் அணிவகுத்து நிற்க, அவற்றுள் எதனை முதலில் ஏவுவது, எதனைப் பின்னர் ஏவுவது என்னும் வினா சதுரங்கம் ஆடப் புகுவோர் எல்லோர் முன்னும் எழுவதாகும். முதல் ஆட்டக்காரர் முதன்முதற் செய்யத்தக்க நகர்வுகள் 20 மட்டுமே. காலாட்கள் எண்மரும் ஓரடியோ ஈரடியோ செல்லலாமாதலின் 16. குதிரை ஒவ்வொன்றும் இருவேறு கட்டங்களிற் பாயலாமாதலின் 4. ஏனைய காய்களெல்லாம் தம் காலாட்களாலேயே அடைபட்டுக் கிடக்கின்றன. இவ்விருபதனுள் நல்லன சிலவே. அவற்றைத் தெரிந்தெடுத்தற்கு வேண்டுவது மனப்பாடமா, காரண ஆராய்ச்சியா? மாலை வேளையில் விடுதித் தாழ்வாரத்திற் பலகை விரிக்கும் நண்பர் பலர் முன்னதையே நம்புகின்றனர். பின்னதே வேண்டுவது என்பது எம் துணிபு.

இவ்வாட்டம் வடநாட்டிற் கி.பி. 6ஆம் நூற்றாண்டளவில் வழங்கியது என்பர் அறிஞர். 7ஆம் நூற்றாண்டில் ஹர்ஷவர்த்தனன் அவையை அணிசெய்த பாணபட்டர் தம் ஹர்ஷ சரிதத்துள் இதனைச் சுட்டுகின்றார். பின்னர் இது பாரசீகஞ் சென்று, ஆங்கிருந்து அரபியர் கைப்பட்டு, ‘ஷத்ரஞ்ச்’ எனப் பெயர் திரிந்தது. அரபியர் ஆடியபொழுது காய்களின் நடை இக்காலத்து நடையன்று. மூலையில் நின்ற தேரும், அதனை அடுத்த குதிரையும் இன்று போலவே சென்றன. காலாள் எப்பொழுதும் ஓரடியே வைத்தான். அரசனருகில் நின்ற அமைச்சன் கோணத்தில் ஒரு கட்டமே செல்வான். யானையோ கோணத்தில் இடைக்கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்திற் குதிக்கும். அவ்வாறு குதித்துக் குதித்துத் தன் வாழ்நாள் முழுவதிலும் அது மிதிக்கத்தக்க கட்டங்கள் 64இல் 8 மட்டுமே. இன்னுமொரு வியப்புண்டு. இரு பக்கத்து யானைகள் நான்கிற்கும் உரிய எட்டெட்டுக் கட்டங்களும் வெவ்வேறாதலின், எந்த யானையும் பிறிதொரு யானையோடு பொருதல் இயலாது. ஐயமுடையார் பலகையைக் கொண்டு எண்ணிக் காண்க.

இத்தகைய குறுநடைப் படையைக்கொண்டு பகைவனை விரைந்து தாக்குதல் அரிதன்றோ? ஆதலின் இரு திறத்தாரும் ஒருவரை ஒருவர் அதிகம் பொருட்படுத்தாமல் தத்தம் பாதியில் விரும்பியவாறு அணிவகுத்து முடித்து, அதன் பின்னரே கைகலந்தனர். அவ்வணிவகுப்பினை அரபியர் ‘தஃபியா’ என்றனர். படையை வகுத்து நிறுத்துதல் என்பது அதன் பொருள். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பக்தாதுக் கலீபா அல் முக்தபியின் அவையில் ஒப்பற்றவராய் விளங்கிய அஸ்ஸூலி என்பார் இவ்வகுப்புக்களை ஆராய்ந்து நூல் செய்தனர். அக்காலத்தில் ‘எந்தக் காய் முதலில்?’ என்று வினவியிருந்தால், ‘எதுவாயினும் ஆகுக, இறுதியில் அணி அழகுற அமையவேண்டும்’ என்பதே பெரும்பாலும் விடையாயிருக்கும்.

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பெயின் தேசத்தில் இந்நிலை முற்றும் மாறிற்று. வாலென்சியா நகரில் 1475ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட செய்யுளொன்றிற் புதிய நடை காணப்படுகின்றது. 1497இல் லூசேனா வெளியிட்ட நூல் பழைய நடையையும் புதியதையும் ஒருங்கே காட்டுகின்றது. ஒரு கட்டமே நடந்த அமைச்சன் அரசியாகிப் பலகை முழுவதும் எத்திசையினும் பாயும் ஆற்றல் பெற்றான். இல்லை, பெற்றாள் என்க. குதித்துச் சென்ற யானை கோணத்திற் கண்ணுக்கெட்டிய தூரம் ஓடலாயிற்று. ஆங்கிலேயர் அதற்குப் பிஷப் என்று பெயரிட்டு அத்தியட்சராக்கிவிட்டனர். பிரெஞ்சுக்காரர் கோமாளி என்றனர். ருஷியரோ இன்றும் அதனை யானை என்றே அழைக்கின்றனர். நம் வீடுகளில் மூலைக்காயை யானை என்பாரும் உளராதலின், இனி மூலையில் நிற்பதைத் தேர் என்றும், பழைய யானையின் இடத்து நிற்பதைப் பிஷப் என்றும் வழங்குவாம்.

நடை நீண்டமையால் காலம் அருமையுடையதாயிற்று. முன்னே பல நகர்வு கழித்து வந்த பகை இப்பொழுது மூன்று நான்கு நகர்வில் அரசன் வாயிலில் வந்து நிற்கின்றது. சதுரங்க நூலோர் படையின் வலி, நகர்வின் காலம், பலகையின் இடம் என்னும் மூன்றையும் நிறுத்துப் பார்ப்பர். திருக்குறளின் 48, 49, 50ஆம் அதிகாரங்கள் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நிற்றலைத் தமிழ் மாணவர் இங்கு நினையாதிரார். வள்ளுவர் சதுரங்கத்திற்கு இலக்கணம் வகுத்தார் என்று கூற வந்தேமல்லேம். போர்த்தொழிலை நினைந்தோர் இருவேறு வழியாக ஓரிடத்தை அடைந்தனர் என்பதே கருத்து.

1895இல் உலகச் சாம்பியனாயிருந்த இமானுவேல் லாஸ்கர் லண்டன் மாநகரில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில், பிஷப்புக்கு முன்னே குதிரையைக் கொணர்க என்று அறிவுறுத்தினார். இதனை விதியென்று உருவேற்றுவார்க்குப் பயன் சிறிதே. காரணம் இது: குதிரை தன் இருப்பிடத்திலிருந்து 3 கட்டங்களையே நோக்குகின்றது, நடுவை நோக்கி ஒருமுறை பாய்ந்துவிட்டால் 8 கட்டங்களை ஆளுகின்றது. அதன் நடை குறுகியதாதலின் தொலைவில் நின்று உதவ மாட்டாது. முற்பட்டு வந்தே தீரவேண்டும். பிஷப்போ, அரசன் முன்னுள்ள காலாள் விலகிய அளவிலேயே, இருந்த இடத்திலிருந்தபடி 5 கட்டங்களை நோக்குகின்றது. அது எவ்வழிச் செல்லவேண்டுமென்பது பகைவன் அணியைக் கண்ட பின்னரே தெளிவாகும். தெளிந்ததை முதலிற் செய்து, தெளியாததைச் சற்றே நிறுத்திவைத்தல் இதன் உட்கிடை. நடுக்காலாளை முதலில் நகர்த்துதலும் இடத்தைக் கைக்கொண்டு வழிதிறத்தற்பொருட்டே. தேர் வழி திறக்குமளவும் காத்திருக்கும்.

அரசியை முதலிற் செலுத்துதல் இளைஞர்க்கு இயல்பான ஆசை. வெள்ளையும் கறுப்பும் அரசன் முன்னுள்ள காலாளை ஈரடி வைத்த பின், வெள்ளையரசி வலப்பக்க ஓரத்திற்கு ஓடி, அக்கறுப்புக் காலாளை அச்சுறுத்துகின்றாள். கறுப்பர் இடப்புறத்துக் குதிரையைக் கொணர்ந்து காக்கின்றனர். வெள்ளைப் பிஷப் வெளிவந்து, அரசன் ஒருவனே காக்கும் அருகிலுள்ள காலாளைக் குறிவைக்கின்றது. கறுப்பர் கண்மூடி மற்றைக் குதிரையையும் கொணர்ந்தால் நான்காம் நகர்விலேயே அரசன் அகப்படுவான். இவ்வொரு வெற்றியின் சுவையறிந்தவர் அதனை எளிதில் விடுவதில்லை. ஆனால் கறுப்பர் அக்குதிரையின் முன்னுள்ள காலாளை ஓரடி வைப்பாராயின் அரசி பின்வாங்கவேண்டும். அவள் மீண்டும் அதே குறியோடு பின்னால் நின்றால், கறுப்பர் இரண்டாங் குதிரையை இப்பொழுது அச்சமின்றிக் கொணர்ந்து தடுத்துவிடுவர். கணக்குப் பார்ப்போம்: கறுப்பர் குதிரை இரண்டும் களத்தில், வெள்ளையரசி இருமுறை நடந்தும் பெற்றது ஒன்றுமில்லை, அன்றியும் தன் குதிரை வரவேண்டிய கட்டத்திலேயே அமர்ந்திருக்கின்றாள்.

1858இற் பாரிஸ் நகர நாடகசாலையில், ஒரு பிரபுவும் ஒரு சீமானும் கூடியாடிய கறுப்பரை எதிர்த்து அமெரிக்க இளைஞர் பால் மார்பி ஆடிய ஆட்டம் இதற்குச் சிறந்த உரைகல். கறுப்பரசி தன் அரசன் முன்னே வந்து நின்று தன் பிஷப்பின் வழியையே அடைத்துக்கொண்டாள். மார்பியோ நகர்வுதோறும் புதிய காயொன்றைக் களத்திற் சேர்த்தார். 16ஆம் நகர்வில் தம் அரசியையே பலியிட்டு, 17ஆம் நகர்வில் தேரால் வென்றார். அப்பொழுதும் கறுப்பரின் அப்பிஷப்பும் அதனை அடுத்த மூலைத்தேரும் பிறந்தவிடத்தினின்றும் பெயரவில்லை.

இனி நம் நாட்டு வழக்குக்கு வருவோம். மேல்நாட்டு விதி பரவுமுன் இந்தியாவிற் பல இடங்களிற் காலாள் தொடக்கத்திலும் ஓரடியே வைத்தான். அவ்விதியில் ஆட்டம் மெல்லத் தொடங்கும். அதனையே பயின்று வளர்ந்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். 1929இல் இங்கிலாந்து சென்ற அவர் அவ்வாண்டிலேயே பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார். 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் பெற்றார். தொடக்க நகர்வுகளில் அவர் வலியற்றவர் என்பது அக்காலத்தோர் ஒருமித்த கருத்து. மற்றையோர் தலைமுறை தலைமுறையாகத் தொகுத்த நூல்களைக் கற்றுவந்து அமர, அவர் வேறொரு காலக் கணக்கையுடைய ஆட்டத்திலிருந்து நேரே வந்து அமர்ந்தார். தொடக்கத்தில் இழந்ததை நடுவிலும் இறுதியிலும் பொறுமையால் மீட்டார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில், முன்னாள் உலகச் சாம்பியன் காபபிளாங்காவை நெடியதோர் ஆட்டத்திற் சிறிது சிறிதாக நெருக்கி வென்றார். 1933ஆம் ஆண்டுப் பட்டத்தின் பின் தாயகம் திரும்பிய அவர், மீண்டும் மேல்நாட்டுப் போட்டிகளுட் புகவில்லை.