பினாங்கின் கலங்கிய கடல்

அன்புள்ள கயல்,

மலேசியப் பயணத்தின் நடுவே பினாங்கில் உனக்கு ஒரு முழு நாள் ஓய்வு கிடைக்கிறது என்று அண்ணி சொன்னார். மகிழ்ச்சி. ஆனால் நீ எனக்கு அனுப்பிய படத்தைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். அடிமணல் தெரியும் அந்த நீலக் கடல், தீபகற்பத்தின் கிழக்குக் கரையில் உள்ள பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கத்தில் இருப்பது. பினாங்குக் கடல் அப்படி இருக்காது. சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். மழை பெய்தால் பழுப்பாகிவிடும். அதைப் பார்த்து முகம் சுளித்துவிடாதே. அந்தக் கலங்கலைப் புரிந்துகொண்டால்தான் அன்று நீ சாப்பிடப்போவதும் புரியும்.

சுமத்ராவுக்கும் மலாய்த் தீபகற்பத்துக்கும் நடுவே ஒடுங்கிக் கிடப்பது மலாக்கா நீரிணை. ஆழம் குறைவு. இரண்டு கரைகளிலிருந்தும் ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அதை வாரிக்கொண்டு போகிற அளவுக்குப் பெரிய அலைகள் அங்கே எழுவதில்லை. வண்டல் படிந்த ஓரங்களில் அலையாத்திக் காடுகள் வேர்பிடித்தன. வெப்பமண்டலக் கடல் மிகத் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்கள் குறைவு, சத்தும் குறைவு என்று அர்த்தம். கலங்கிய நீரில் இரை நிறைய. கூனி, மட்டி, நண்டு, கானாங்கெளுத்தி எல்லாம் அதை நம்பித்தான் பெருகுகின்றன.

காலையில் ரொட்டி சானாய் என்னும் பரோட்டா ஒன்றும் தேத்தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீரும் போதும். வயிற்றை நிரப்பிக்கொள்ளாதே. ஜார்ஜ் டவுன் படகுத்துறையில் 101-ஆம் எண் பேருந்தில் ஏறி வலப்பக்க ஜன்னலில் உட்கார். தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி வழியாகக் கடலை ஒட்டியே போய் தெலுக் பஹாங்கில் நிற்கும். நீ பத்து ஃபெரிங்கியில் இறங்கு. நீர் ஸ்கூட்டர்களும் பாராசூட்டுகளும் புறப்படுவதற்கு முன்னால் போனால் கடற்கரை அமைதியாக இருக்கும்.

கடற்கரையைப் பார்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் குனிந்து நட. பினாங்கு கருங்கல் தீவு. வடகரையில் கிடக்கும் பாறைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காலடி மணலை உள்ளங்கையில் எடுத்துப் பார். அந்தப் பாறை தேய்ந்து உதிர்ந்ததுதான் இந்த மணல், அதனால்தான் இவ்வளவு பருக்கையாக இருக்கிறது. ஈரமணலில் மிளகளவு உருண்டைகள் வரிவரியாகக் கிடக்கும். சின்னஞ்சிறு நண்டுகள் மணலை வாயில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் உணவை உறிஞ்சிக்கொண்டு, மீதியை உருட்டி வைத்துவிட்டுப் போன வேலை அது. கொஞ்சம் தள்ளி அசையாமல் நின்றால் அவை வெளியே வரும். இதற்காக அரை மணி நேரம் நின்றாலும் அது வீணில்லை.

நீந்த இறங்குவதற்கு முன் அங்கே வேலை செய்பவர்களிடம் ஜெல்லிமீன் இருக்கிறதா என்று கேள். இருக்கிறது என்றால் இறங்காதே. தப்பித்தவறிக் கொட்டிவிட்டால் தேய்க்காதே, நல்ல தண்ணீர் ஊற்றாதே. வினிகர் ஊற்றிவிட்டு உடனே மருத்துவரிடம் போ.

தெலுக் பஹாங்கில் தேசியப் பூங்காவின் வாசல் இருக்கிறது. 2003-இல் அறிவிக்கப்பட்ட சிறிய பூங்கா. காட்டுவழி நடந்தால் கெராச்சுட் கடற்கரை வரும். அங்கே மழைக்காலத்தில் நிறைந்து கோடையில் வற்றும் ஓர் ஏரி உண்டு. மேலே நல்ல நீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலக்காமல் நிற்கும். ஆமைகள் முட்டையிட வரும் கரையும் அதுதான். ஆனால் போய்வர அரை நாள் ஆகும். உனக்கு இருப்பது ஒரே நாள் என்பதால் அதை விட்டுவிடச் சொல்வேன். விட்டுவிடத் தெரிந்தவருக்குத்தான் நிதானமான நாள் வாய்க்கும்.

மதியத்துக்குக் கார் பிடித்து, மலைவளைவுகளில் ஏறி இறங்கி, பாலிக் புலாவுக்குப் போ. ஜாதிக்காய், கிராம்பு, டுரியான் தோப்புகள் உள்ள ஊர். அங்கே அசாம் லக்சா சாப்பிட வேண்டும். கானாங்கெளுத்தியை வேகவைத்து, முள் நீக்கி, சதையை உதிர்த்துப் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. புளியும், குடம்புளி இனத்தைச் சேர்ந்த ஒரு காயின் வற்றலும் சேர்ந்து புளிப்பு நாக்கின் இரண்டு பக்கமும் ஏறும். புங்கா கந்தான் என்ற இஞ்சி வகைப் பூவின் மொட்டை நறுக்கிப் போடுவார்கள். அந்த மணத்துக்கு நம் சமையலில் இணை இல்லை. தடித்த அரிசி நூடுல்ஸ், வெள்ளரி, அன்னாசி, வெங்காயம், புதினா. கடைசியில் கறுப்பாக, பாகு பதத்தில் ஒரு கரண்டி இறால் சாந்து. அதை முதலிலேயே கலக்கிவிடாதே. குழம்பைத் தனியாக நாலு வாய் குடித்துப் பார். பிறகு சாந்தைக் கலந்து குடி. இனிப்பும் உப்பும் கருவாட்டு வாடையும் எப்படி அந்தப் புளிப்பைத் தாங்கிப் பிடிக்கின்றன என்று உனக்கே தெரியும். மீனும் இறாலும் காலையில் நீ பார்த்த அந்தக் கலங்கிய நீர் தந்தவைதான்.

திரும்பும்போது வந்த வழியே வராதே. தெற்கே தெலுக் கும்பார் வழியாக வா. அங்கே உல்லாச விடுதிகள் இல்லை. கரையோரம் மீனவர் படகுகள்தான். அந்தத் தென்கரைக்கு எதிரே கடலை நிரப்பிப் புதிய தீவு எழுப்புகிறார்கள். முதலில் 3 தீவுகள் என்று திட்டம். 2023-இல் ஒன்றாகக் குறைத்தார்கள், மண் கொட்டும் வேலையும் அந்த ஆண்டே தொடங்கியது. மீனவர்கள் பல ஆண்டுகளாக எதிர்த்துவந்தார்கள். தொழிற்சாலையும் வேலையும் வரும் என்பது அரசின் வாதம். எனக்கு மீனவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆழமில்லாத அந்தச் சேற்றுக் கடல்தான் குஞ்சு மீன்களும் இறால்களும் வளருமிடம். அதை மூடிவிட்டு, இந்தத் தீவின் சாப்பாடு உலகப் புகழ் பெற்றது என்று விளம்பரம் செய்வதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெயில் தாழ்ந்ததும், ஜார்ஜ் டவுன் திரும்பி, சார் குவே தியோ. தட்டையான அரிசி நூடுல்ஸை இறால், முட்டை, பயறு முளை, மட்டி சேர்த்துப் பெருந்தீயில் புரட்டித் தருவார்கள். ஒவ்வொரு தட்டாகத்தான் செய்வார்கள், காத்திரு. மட்டியைக் கடைசியில் போட்டு அரைவேக்காட்டில் எடுப்பது வழக்கம். உன் வயிற்றுக்கு அது வேண்டாம், நன்றாக வேகவைக்கச் சொல். பல கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவார்கள். வேண்டாம் என்றால் முன்பே கேட்டுக்கொள்.

இரவுக்கு நாசி கண்டார். பசியோடு போ. நாகூர், கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன நம் முஸ்லிம்கள், காவடி போல ஒரு கழியின் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்புகளையும் தொங்கவிட்டுத் துறைமுகத் தொழிலாளர்களுக்கு விற்ற சாப்பாடு அது. 1801-இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றிய தெருக்களில் நடந்து பார்த்தால் அவர்கள் வேரூன்றிய இடம் தெரியும். கடையில் தமிழிலேயே கேட்கலாம், பெரியவர்களை ‘அண்ணே’ என்று கூப்பிடு. மீன்முட்டைக் குழம்பு இருந்தால் அதை விடாதே. கணவாயும் வெண்டைக்காயும் சேர்த்துக்கொள். ‘பஞ்சிர்’ என்று சொன்னால் எல்லாக் குழம்பையும் சோற்றின் மேல் கலந்து ஊற்றுவார்கள். எது எதனுடைய ருசி என்று பிரிக்க முடியாது, பிரிக்கவும் வேண்டாம்.

சில்லறை ரிங்கிட் நோட்டுகள் வைத்துக்கொள். ஒரே கூரையின் கீழ் பல கடைகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பணம் தர வேண்டும். பெயர்பெற்ற கடைகள் சரக்குத் தீர்ந்ததும் மூடிவிடும். அதனால் ஒன்று மூடியிருந்தால் வருந்தாமல் பக்கத்துக் கடையில், உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்து உட்கார்.

மறுநாள் கோலாலம்பூர் ரயிலுக்குப் பாலம் வழியாகப் போகாமல் படகில் பட்டர்வொர்த் போ. துறையிலிருந்து ரயில் நிலையம் நடக்கும் தூரம்தான். தெலுக் கும்பாரில் படகுக்காரர் யாரோடாவது பேச முடிந்தால், இப்போது வலையில் என்ன விழுகிறது என்று கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை