லவுஞ்ச் கவர்கள் மேல் விழும் பழிகள்

ஓட்டல் வரவேற்பறையிலோ காபிக் கடையிலோ உட்கார்ந்திருப்போம். எங்கோ கேட்ட ராக் பாட்டு ஒன்று மெத்தென்று ஒலிக்கும். ட்ரம்ஸில் அடிக்குப் பதில் பிரஷ்ஷின் உரசல். கத்தலுக்குப் பதில் காதோடு பேசுகிற குரல். உடனே ராக் ரசிகர் முகம் சுளிப்பார். 'லவுஞ்ச் கவர்' எனப்படும் இந்த வகையைப் பற்றி அவர் அடுக்கும் குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம் கிடையாது.

"ராக்கைப் பிடிக்காதவர்கள் செய்த வேலை" என்பார் முதலில். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே 1964-இல் அவர்களுடைய பாடல்களை ஆர்கெஸ்ட்ரா வாத்திய இசையாக்கி, 'ஆஃப் த பீட்டில் ட்ராக்' என்ற இசைத்தட்டை வெளியிட்டார். பிரேசில்காரர் செர்ஜியோ மெண்டெஸ் 1968-இல் பீட்டில்ஸின் 'த ஃபூல் ஆன் த ஹில்' பாட்டுக்கு பிரேசில் தாளம் சேர்த்தபோது, அது அமெரிக்கப் பட்டியலில் 6-ஆம் இடம் வரை ஏறியது. 1997-இல் பாடகர் பேட் பூன் ஹெவி மெட்டல் பாடல்களை பிக் பேண்ட் பாணியில் பாடினார். அதில் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' பாட்டுக்கு கிட்டார் வாசித்தவர் வேறு யாருமல்ல, டீப் பர்ப்பிளின் ரிச்சி பிளாக்மோரேதான். கோபப்பட்டது பூனின் பக்கத்து ஆட்கள்தான்! தோல் உடையில் அவர் விருது விழா மேடை ஏறியதைக் கண்டு, ஒரு கிறிஸ்தவத் தொலைக்காட்சி அவருடைய நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டது.

"சத்தத்தைக் குறைத்தால் போதும், கவர் தயார்" என்பது அடுத்தது. இதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. ராக் கிட்டாரில் 'பவர் கார்ட்' என்று ஒன்று உண்டு. ஆதார ஷட்ஜமும் பஞ்சமமும் மட்டும்; காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷனின் இரைச்சல் அந்த இடைவெளியை மூடிவிடும். இரைச்சலை எடுத்தவுடன் பாட்டு எலும்பும் தோலுமாகத் தெரியும். அங்கே வைக்க வேண்டியது மேஜரின் காந்தாரமா, மைனரின் காந்தாரமா, மேலே நிஷாதம் சேர்ப்பதா என்று இசைக்கோர்ப்பாளர்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த ஒரு சுரத்தில் பாட்டின் குணமே மாறும். பால் ஆங்கா 2005-இல் 'ராக் ஸ்விங்ஸ்' தொகுப்பில் நிர்வாணா, ஒயாசிஸ் பாடல்களைக் கேலியில்லாமல் பாட முடிந்ததற்குப் பின்னால் இந்த உழைப்பு இருக்கிறது.

"அடுத்தவன் பாட்டில் காசு பார்க்கிறார்கள்" என்றும் சொல்வதுண்டு. அமெரிக்காவில் 1909 சட்டத்திலிருந்தே, ஒருமுறை பதிவாகி வெளியான பாட்டை உரிய ராயல்டி கட்டி யாரும் மறுபடி பதிவு செய்யலாம். மெட்டின் அடிப்படையை மட்டும் சிதைக்கக் கூடாது. அந்தப் பணம் போவது எழுதியவருக்கு, பாடியவருக்கு அல்ல. ஒயாசிஸின் 'வண்டர்வால்' பாட்டை யார் கவர் செய்தாலும் ராயல்டி எழுதிய அண்ணன் நோயல் கேலகருக்கு. பாடிய தம்பி லியாமுக்கு ஒன்றுமில்லை. இந்தியாவில் 2012 திருத்தத்தின்படி, அசல் வெளியான ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே இப்படிச் செய்யலாம்.

அதே 'வண்டர்வால்' ஒரு வேடிக்கையும் செய்தது. 1995 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக் ஃபிளவர்ஸ் பாப்ஸ் குழு அதை அறுபதுகளின் பாணியில் வெளியிட்டது. பிபிசி ரேடியோ 1-இல் இதுதான் அசல் என்று குறும்பாகச் சொல்லி ஒலிபரப்ப, நம்பியவர்களும் இருந்தார்கள். பிரிட்டன் பட்டியலில் ஒயாசிஸ் எட்டிய அதே 2-ஆம் இடத்தை இந்தக் கவரும் எட்டியது.

"லிஃப்ட் இசை" என்ற வசையும் முழுக்கப் பொருந்தாது. அந்த வகைப் பின்னணி இசையை விற்ற மியூசாக் நிறுவனத்துக்குப் பெரிய வாடிக்கையாளர்களாக இருந்தவை தொழிற்சாலைகளும் அலுவலகங்களும். பதினைந்து நிமிடம் படிப்படியாக வேகமேறும் இசை, பிறகு பதினைந்து நிமிடம் மௌனம் என்பது அவர்கள் வகுத்த முறை, வேலை சுணங்காமலிருக்கத்தான். ராக்கர் டெட் நியூஜென்ட் 1986-இல் ஒரு கோடி டாலருக்கு அதை வாங்கி இழுத்து மூடப் பார்த்தார். நிறுவனம் மசியவில்லை.

ஒரு குறையை மட்டும் மறுக்க மாட்டேன். ஒரே போசா நோவா தாளம், ஒரே கிசுகிசுப்புக் குரல் என்று எந்தப் பாட்டையும் அச்சில் வார்த்துத் தள்ளும் தொகுப்புகள் ஏராளம். அவற்றை ஒதுக்குங்கள். மெண்டெஸையும் பீட்டில்ஸையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு, இந்த வகை வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.