கடல்நீர் மீன்தொட்டிக்குப் பாசி வடிகட்டி

புதுச்சேரி வைத்திக்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் கடல்நீர் மீன்தொட்டி அமைப்போர், நீரைத் தூய்மை செய்யப் பாசியையே பயிரிடலாம். தீனியின் எச்சத்தால் நீரிற் பெருகும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசிக்கு எருவாகும். அமெரிக்க ஸ்மித்ஸோனியன் நிலையத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி இம்முறைக்கு 1982இல் காப்புரிமை பெற்றார்.

வடிகட்டியின் அளவைத் தொட்டியின் கொள்ளளவாலன்றி, நாள்தோறும் இடும் தீனியால் நிர்ணயித்தல் வேண்டும். தீனி மிகின் வலையும் அகலவேண்டும். சொரசொரப்பாக்கிய பிளாஸ்டிக் வலையைத் தொங்கவிட்டு, மேலே கீறல் வெட்டிய குழாயினின்று, வலையகலம் அங்குலத்திற்கு மணிக்குச் சுமார் 130 லிட்டர் நீர் வழியச் செய்க. இருபுறமும் செவ்வொளி விளக்கு அமைக்க.

1 முதல் 3 வாரங்களுக்கு ஒருமுறை வலையைக் கழற்றிப் பாசியைச் சுரண்டுக, அடிப்படலம் நிற்கட்டும். அறுவடை தவறின் அடிப்பாசி இருளில் அழுகி, உண்ட எருவை நீரிலேயே விடும், மீன்கள் நலியும்.