வெட்டுப் பூக்கள் வாடாமலிருக்க...

நுவரெலியாவிலிருந்து கொழும்புக்கு வரும் ரோசாவும் கார்னேஷனும் விற்க முன்னரே வாடினால் நட்டம் கடைக்காரருக்கே.

வாளித் தண்ணீரில் பெருகும் பக்டீரியாக்கள் தண்டின் குழாய்களை அடைப்பதே பெரும்பாலும் காரணம். சீனி பூவுக்கு உணவுதான். ஆனால் அதை மட்டும் போட்டால் பக்டீரியாவுக்கே விருந்து! எனவே ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சீனி, இரண்டு தேக்கரண்டி தேசிக்காய்ப் புளி, துணி வெளுக்கும் குளோரின் திரவம் அரைத் தேக்கரண்டி சேருங்கள். தண்ணீரில்லாமல் புளியையும் குளோரினையும் ஒன்றாக ஊற்றிவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். தண்டின் அடியைக் கூரிய கத்தியால் சாய்வாக வெட்டி, தண்ணீரில் அமிழும் இலைகளை அகற்றுங்கள். இரண்டு நாளுக்கொரு தடவை கலவையை மாற்றுவது அவசியம்.

பழங்களும் விற்பவர்கள் கவனிக்க: பழுக்கும் வாழைப்பழம் வெளிவிடும் எதிலீன் வாயு கார்னேஷனைச் சீக்கிரம் வாடச் செய்யும். அந்தூரியத்தைக் குளிரூட்டியில் வைக்க வேண்டாம், கறுத்துவிடும்.