சிவப்பணு சொல்லும் கணக்கு

கேள்வி: எச்.ஐ.வி. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறோமா என்று ரத்தத்தைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?
– வாசகர், அறந்தாங்கி, புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: முடியும். ரத்தத்தில் எங்கே தேடுவது என்பதில்தான் சூட்சுமம்.

2004 ஏப்ரல் முதல் நம் அரசு இலவசமாகத் தரும் கூட்டு மருந்தில் இன்று முக்கியமானது டெனோஃபோவிர். விழுங்கும்போது அது வெறும் மூலப்பொருள். உயிரணுவுக்குள் போய் இரண்டு பாஸ்பேட் ஒட்டிக்கொண்ட பிறகுதான் வைரஸ் பெருகுவதைத் தடுக்கும். ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் மருந்து பாதியாகக் குறைய சுமார் 17 மணி நேரம். சிவப்பணுவுக்குள் இருக்கும் வடிவத்துக்கோ சுமார் 17 நாள்! டாக்டரைப் பார்க்கும் அன்று மட்டும் மாத்திரை போட்டு வருகிறவரிடம் பிளாஸ்மா ஏமாறலாம், சிவப்பணு ஏமாறாது. தாளில் உலர்த்திய ஒரு சொட்டு ரத்தமே இந்தச் சோதனைக்குப் போதும்.

வெள்ளணுவிலும் அளக்கலாம்; ஆனால் அது பெரும்பாடு. அணுக்களைப் பிரித்து, எண்ணி, உறைகுளிரில் வைக்க வேண்டும்.

எல்லா எச்.ஐ.வி. மருந்துக்கும் இப்படி அணுவுக்குள் தேடும் சுற்றுவழி தேவையில்லை. நெவிரபின், எஃபாவிரென்ஸ் இரண்டும் அப்படியே வேலை செய்பவை. சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அவற்றைப் பிளாஸ்மாவிலேயே அளந்து ஆய்ந்திருக்கிறது.

உயிரணுவுக்குள் அளப்பது பெரும்பாலும் ஆய்வோடு நிற்கிறது. எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் வழக்கமாகப் பார்ப்பது வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு. அந்தச் சோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள்.