பி.பி.எப். கணக்கில் வரம்பை மீறிய பணம்: திருத்துவது எப்படி?

மில்லிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவருக்கு மாதாமாதம் பி.எப். பிடித்தம் உண்டு. கல்லாவில் உட்காரும் நமக்கு அது கிடையாது. முதுமைக்கு நாமே சேர்த்தால்தான் உண்டு. ஆகவேதான் வணிகர்களில் பலர் தபால் நிலையத்திலோ வங்கியிலோ பி.பி.எப். எனப்படும் பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு வைத்திருக்கிறோம். இதில் அளவுக்கு மேல் பணம் போட்டுவிட்டால் என்ன ஆகும், அதை எப்படிச் சரிசெய்வது என்பதை இங்கே காண்போம்.

வரம்பு எவ்வளவு?

ஒரு நிதியாண்டில் குறைந்தது 500 ரூபாய், அதிகபட்சம் 1,50,000 ரூபாய் செலுத்தலாம். 2014ஆம் ஆண்டுக்கு முன் உச்சவரம்பு 1,00,000 ரூபாயாக இருந்தது. இந்த வரம்பு பாஸ்புத்தகத்துக்கு அல்ல, ஆளுக்கு. தம் பெயரில் போடுவதும், தாம் காப்பாளராக இருந்து மைனர் பிள்ளையின் பெயரில் போடுவதும் சேர்ந்தே 1,50,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

ஒரே கணக்கில் வரம்பு மீறினால் கணினி பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆனால் தந்தையின் கணக்கு வங்கியிலும் மகனின் கணக்கு தபால் நிலையத்திலும் இருந்தால், ஒன்று மற்றொன்றை அறியாது. கணக்குப் பார்க்கும் பொறுப்பு நம்முடையதே.

நஷ்டம் எப்படி வருகிறது?

ஓர் உதாரணம். ஒருவர் ஏப்ரல் 5ஆம் தேதிக்குள் தம் கணக்கில் 1,50,000 ரூபாயும், மகன் கணக்கில் 40,000 ரூபாயும் செலுத்துகிறார். மிகுதி 40,000 ரூபாய். 7.1 சதவீத வட்டியில் பாஸ்புத்தகத்தில் முதல் ஆண்டு 2,840 ரூபாய் ஏறும். ஐந்தாண்டுகள் கவனிக்காமல் விட்டால், கூட்டுவட்டியாகச் சுமார் 16,365 ரூபாய் சேர்ந்ததாகக் காட்டும். ஆனால் விதிப்படி மிகுதிப் பணத்துக்கு வட்டி இல்லை. தவறு தெரியவரும்போது ஏறிய வட்டி கழிக்கப்பட்டு, அசல் 40,000 ரூபாய் மட்டும் கைக்கு வரும். அபராதம் இல்லைதான்; ஆனால் அதே பணத்தில் கடைக்கு வாங்கிய கடனை அடைத்திருந்தால் ஐந்தாண்டு வட்டி மிச்சமாகியிருக்கும்.

வரி விஷயம்

1. மிகுதிப் பணத்துக்கு 80சி கழிவு கிடையாது. அப்பிரிவின் உச்சவரம்பும் 1,50,000 ரூபாய்தான், எல்.ஐ.சி. பிரீமியம், பிள்ளைகளின் கல்விக் கட்டணம் எல்லாம் அதற்குள் அடக்கம். ஆகவே கூடுதலாகப் போட்டதால் வரியில் லாபம் ஏதுமில்லை.

2. புதிய வரி முறையைப் பின்பற்றுவோருக்கு இக்கழிவே இல்லை. எனினும், முறையாகச் செலுத்திய பணத்தின் வட்டிக்கு இரு முறைகளிலும் வரி விலக்கு உண்டு.

3. திரும்பி வரும் அசல் வருமானம் அல்ல. அதற்கு வரி இல்லை. ஆனால் அத்தொகை கடையின் நடப்புக் கணக்கில் விவரமின்றி வரவானால் விற்பனைப் பணம்போலத் தோன்றும். பேரேட்டில் முதலாளியின் முதல் கணக்கில் வரவு வைத்து, அலுவலகம் தந்த கடிதத்தைப் பத்திரப்படுத்துக.

திருத்தும் வழி

பிள்ளை கணக்கையும் சேர்த்து, ஆண்டுவாரியாக எல்லாப் பாஸ்புத்தகங்களையும் கூட்டிப் பாருங்கள். மிகுதி தெரிந்தால், கணக்குள்ள கிளையில் பாஸ்புத்தக நகலுடன் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அதைத் திருப்பித் தரக் கேளுங்கள். ஒப்புகை வாங்கத் தவறாதீர்கள்.

ஒருவர் பெயரில் இரண்டு கணக்குகள் இருந்தால் வழி வேறு. மத்திய நிதி அமைச்சகத்தின் வழிமுறை 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஒரு கணக்கை முதன்மைக் கணக்காகத் தேர்ந்தெடுத்து, மற்றதை அதனுடன் இணைக்கலாம். ஆண்டு வரம்புக்குள் அடங்கும் தொகை காப்பாற்றப்படும்; மீறியது வட்டியின்றித் திரும்பும். மூன்றாவது கணக்கு இருந்தால் அதற்குத் தொடங்கிய நாள் முதலே வட்டி இல்லை.

கூடுதலாகச் சேமிக்க விரும்புவோருக்கு நேர்வழி உண்டு. மனைவி தம் பெயரில் கணக்குத் தொடங்கினால், அவருக்குத் தனியே 1,50,000 ரூபாய் வரம்பு உண்டு. கணவர் அதில் செலுத்தும் பணத்தையும் பழைய வரி முறையில் தம் 80சி வரம்புக்குள் காட்டலாம்.

மார்ச் மாதத்தில் கடைசி நேர அவசரத்தில் பணம் கட்டுவதே இத்தகைய தவறுகளுக்கு இடமளிக்கிறது. வங்கியிலிருந்து மாதாமாதம் தானாகப் போகும் தொகையைக் கணக்குப்பிள்ளை அறியாமல், ஆண்டு முடிவில் முழுத் தொகையையும் மீண்டும் கட்டிவிடுவதுண்டு. பிப்ரவரியிலேயே குடும்பத்தின் எல்லாப் பாஸ்புத்தகங்களையும் ஒரே தாளில் எழுதி ஆடிட்டரிடம் காட்டிவிடுவோம். சரக்கு இருப்பை எண்ணுகிற அதே கவனம் சேமிப்புக்கும் தேவை.