ஸல்ஸலின் நடுவிரல்: பெயரில்லாத சுரமொன்றின் கணக்கு

சென்ற பெருநாள் விடுமுறையில், ராஸ்த் மகாமில் அமைந்த ஊத் இசையொன்றைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன். தம்பியின் சிறிய கீபோர்டில் அதை வாசித்துப் பார்க்க ஆசை வந்தது. ச, ரி, ம, ப எல்லாம் ஓரளவு பொருந்தின. காந்தாரம் மட்டும் அகப்படவில்லை. ஒரு கட்டையை அழுத்தினால் சுரம் தாழ்ந்துபோனது. அடுத்த கட்டையை அழுத்தினால் உயர்ந்துபோனது. "ஊத் வாசிக்கிறவருக்குத்தான் சுருதி பிழை" என்று ராத்தா சிரித்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. கீபோர்டில் இடமில்லை என்பதற்காக ஒரு சுரத்தைப் பிழை என்று சொல்லிவிடலாமா? இணைந்த கணிதக் கொப்பியின் பின்பக்கத்தில் அன்று தொடங்கிய கணக்கே இக்கட்டுரை.

இரு சுரங்களுக்கிடையிலான தூரத்தை விகிதமாக எழுதலாம். கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ச பிறக்கும், விகிதம் 2/1. மூன்றில் இரண்டு பங்காக்கினால் ப பிறக்கும், விகிதம் 3/2. இந்த 3/2 ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கி, தேவையானபோது 2 ஆல் வகுத்து ஒரு ஸ்தாயிக்குள் கொண்டுவந்தால் மற்றச் சுரங்கள் கிடைக்கும். இரண்டு படி ஏறினால் 9/8; நான்கு படி ஏறினால் 81/64. மறுபக்கமாக ஒரு படி இறங்கினால் 4/3. மூன்று படி இறங்கினால் 32/27.

பன்னிரண்டு படி ஏறினால் தொடங்கிய ச வுக்கே திரும்பிவிடுவோம் என்று தோன்றும். ஆனால் திரும்புவதில்லை. 3/2 ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் ஏறத்தாழ 129.75 வரும், ஏழு ஸ்தாயிகளின் பெருக்கமோ 128. மிஞ்சும் இந்தச் சிறு வேறுபாட்டுக்குப் பைதகரஸ் கொமா என்று பெயர். கொமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு 'வெட்டப்பட்ட துண்டு' என்பது பொருள். நாம் வாக்கியத்தில் இடும் கொமாவும் அதே சொல்லிலிருந்து வந்ததுதான். ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் இரு சுரங்களைப் பிரிக்கும் சிறு வேறுபாடுகளையெல்லாம் இன்று பரந்த பொருளில் கொமா என்று அழைக்கின்றனர்.

இவற்றை அளக்க ஓர் அலகு வேண்டும். அலெக்சாண்டர் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அறிஞர் 19 ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்தாயியை 1200 சதமாகப் பிரித்தார். விகிதத்தின் மடக்கையை 2 இன் மடக்கையால் வகுத்து 1200 ஆல் பெருக்கினால் சதம் வரும். நமது ரூபாவுக்கு நூறு சதம் போல, கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளுக்கு இடையே நூறு சதம்.

இனி அந்தக் காந்தாரத்துக்கு வருவோம். ஹிஜ்ரி 339 இல் (கி.பி. 950) மறைந்த தத்துவஞானி அல் பாராபி, 'கிதாபுல் மூஸீக்கல் கபீர்' என்ற தமது பெருநூலில், ஊத் கம்பியில் விரல் வைக்கும் இடங்களை விகிதங்களாகத் தந்துள்ளார். பழைய நடுவிரலின் இடம் 32/27. மோதிரவிரலின் இடம் 81/64. இவ்விரண்டுக்கும் இடையில் இன்னொரு நடுவிரல் இடம் உண்டு: 27/22. அப்பாஸியர் கால பக்தாத்தில் வாழ்ந்த ஊத் கலைஞர் ஸல்ஸலின் பெயரால் அதை 'வுஸ்தா ஸல்ஸல்', அதாவது ஸல்ஸலின் நடுவிரல், என்றனர்.

அடிமட்டத்தை எடுத்து நீங்களும் அளந்து பார்க்கலாம். கம்பி 54 சென்ரிமீற்றர் என்று கொண்டால், அதன் தலைப்பகுதியிலிருந்து பழைய நடுவிரல் சுமார் 8.4 இலும், மோதிரவிரல் சுமார் 11.3 இலும், ஸல்ஸலின் விரல் சரியாக 10 இலும் விழும். சதத்தில் சொன்னால் முறையே 294, 408, 355. கீபோர்டிலோ 300 உம் 400 உம் மட்டுமே உள்ளன. இன்றைய ராஸ்த் காந்தாரத்தின் உயரம் ஊருக்கு ஊர், கலைஞருக்குக் கலைஞர் சற்று மாறும். ஆயினும் அதுவும் இந்த நடுப்பகுதியைச் சேர்ந்ததே.

27/22 ஐ 3/2 இன் படிகளால் மட்டும் அடைய முடியாது. 22 இல் 11 என்ற முதன்மை எண் இருப்பதே காரணம். ஆகவே படிகளால் கிடைத்த ஒரு சுரத்தை எடுத்து, அதனோடு ஒரு கொமாவைக் கூட்டியோ கழித்தோதான் பெயரிட வேண்டும். இதற்கு இரு வழிகள் உண்டு.

முதலாவது: 81/64 ஐ 33/32 ஆல் வகுத்தல். 53 சதம் தாழ்த்தப்பட்ட பெரிய காந்தாரம்.

இரண்டாவது: 32/27 ஐ 729/704 ஆல் பெருக்கல். 60 சதம் உயர்த்தப்பட்ட சிறிய காந்தாரம்.

இரண்டும் சரியாக 27/22 ஐயே தருகின்றன. அப்படியானால் எதைத் தெரிவது? கொமா சிறியதாக இருக்கட்டும் என்றால் முதலாவது வழி. விகிதத்தில் எளிய எண்கள் வேண்டும் என்றாலும் அதுவே. ஆனால் ச வுக்குக் குறைந்த படிகளில் உள்ள சுரத்தை அடிப்படையாகக் கொள்வோம் என்றால் இரண்டாவது வழி வெல்லும். 32/27 மூன்று படி, 81/64 நான்கு படி.

ஒரு சுரத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. 11/8 என்ற சுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது 4/3 ஐ 33/32 ஆல் உயர்த்தியது, ஒரே படி. மற்றக் கொமாவைப் பயன்படுத்தினால் ஆறு படி ஏறி 729/512 க்குப் போய் அங்கிருந்து தாழ்த்த வேண்டும். இங்கே எல்லா விதியும் 33/32 இன் பக்கமே. 11 வரும் இடமெல்லாம் ஒரே குறி வேண்டும் என்றால் அதையே கொள்வது நல்லது. ஹெல்ம்ஹோல்ட்ஸ்–எல்லிஸ் குறியீட்டு முறை அவ்வாறே செய்கிறது. ஜோர்ஜ் சீக்கர், டேவ் கீனன் ஆகியோர் வகுத்த சஜிற்றல் முறையோ இரு கொமாக்களுக்கும் தனித்தனிக் குறி தருகிறது.

இதில் என்னை வியக்கவைத்தது வேறொன்று. 27/22, தூரத்தால் மோதிரவிரலுக்கே அண்மையானது. இருந்தும் பக்தாத் மக்கள் அதை மோதிரவிரலின் பெயரால் அழைக்கவில்லை. ஸல்ஸல் எந்த விரலை வைத்தாரோ அந்த விரலின் பெயரையே இட்டார்கள். கொமாவால் இடும் பெயர், சுரம் எந்த அயலவருக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. அவர்கள் இட்ட பெயர், அதை யார் எப்படி வாசித்தார் என்பதைச் சொல்கிறது. இரண்டும் பயனுள்ளவை. ஆனால் எந்தப் பெயரை இட்டாலும் அந்தச் சுரம் 355 சதத்திலிருந்து அசைவதில்லை.

கொப்பியை ராத்தாவிடம் காட்டினேன். கணிப்பானில் இரு வழிகளையும் செய்து பார்த்துவிட்டு, அந்த இசையை மீண்டும் போடச் சொன்னார். காந்தாரம் வந்ததும், "இதுதானே ஸல்ஸல்?" என்று கேட்டார். ஏறத்தாழ அதுதான் என்றேன். பிழை என்ற சொல்லை அவர் மறுபடி சொல்லவில்லை.